கூரைச் சேதமும் சர்வேயரும்: உங்களுக்கு என்ன நடந்தது?

ஓட்டுவீட்டுக்காரன்:
சூறைக்காற்று அடித்த மறுநாளே நாற்பது படம் எடுத்தேன். எல்லாம் கிட்டத்தில் போய் எடுத்தவை. சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் என் போனை வாங்கித் தள்ளித் தள்ளிப் பார்த்தவர், ஒன்றில் நிறுத்தி, "இது எந்தப் பக்கத்துக் கூரை?" என்றார். எனக்கே தெரியவில்லை. உடைந்த ஓடு தெரிகிறது, அவ்வளவுதான். அது என் வீட்டு ஓடுதான் என்று சொல்லக்கூட அந்தப் படத்தில் ஒன்றுமில்லை. அந்தக் கேள்வி இன்னும் காதிலேயே நிற்கிறது.

மழைக்காலம்:
என் படங்களில் குறையில்லை. ஆனால் சர்வேயர் வருவதற்குள் வாசலைப் பெருக்கி, விழுந்த துண்டுகளை அள்ளிக் கொட்டிவிட்டேன். "உடைந்த விளிம்பைப் பார்க்கணும்மா" என்றார். புது உடைப்பு என்றால் விளிம்பு பளிச்சென்று இருக்கும், பழைய விரிசலில் அழுக்கும் பாசியும் ஏறியிருக்கும். தேய்மானம் என்று எழுதிவிட்டால் பெரும்பாலும் பணம் வராது. அவர் வரும்வரை எதையும் தொடாதீர்கள்.

தகரக்கூரை:
மேலே சொன்ன கடைசி வரியை நம்பி யாரும் சும்மா இருந்துவிடாதீர்கள்! நான் அப்படித்தான் காத்திருந்தேன். மூன்றாம் நாள் மறுபடி மழை, உள்கூரைப் பலகை மெத்தைமேல் விழுந்தது. "தார்ப்பாய் போட்டிருக்கலாமே" என்று அந்தச் சேதத்தைக் கழித்துவிட்டார்கள். சேதம் பெருகாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு என்று பாலிசியிலேயே இருந்தது. முதலில் படம், உடனே தார்ப்பாய், அதன் ரசீது பத்திரம். துண்டுகளைக் கொட்டாமல் சாக்கில் கட்டி வையுங்கள். ஓட்டுவீட்டுக்காரருக்கும் ஒன்று: வீடு முழுவதும் தெரிகிற மாதிரி நாலு பக்கமும் தூரத்திலிருந்து எடுங்கள், பிறகு அந்தப் பக்கம் மட்டும், அதன்பிறகுதான் கிட்டத்தில், பக்கத்தில் அளவு நாடா வைத்து. ஆலங்கட்டிக் குழி உச்சி வெயிலில் தெரியாது, காலை மாலைச் சாய்வெயிலில் எடுங்கள். வாட்ஸாப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் எடுத்த தேதி விவரம் போய்விடும், அசல் கோப்பை அழிக்காதீர்கள். ஈரக் கூரைமேல் மட்டும் ஏறவே வேண்டாம்.

பரண்:
நான் மேலே ஏறவேயில்லை. பகலில் பரணுக்குள் போய் விளக்கை அணைத்தேன். இருட்டில் ஏழு இடத்தில் ஊசி ஊசியாக வெளிச்சம். அதை அப்படியே எடுத்து வைத்தேன். சர்வேயர் திரும்பக் கேட்டு வாங்கிப் பார்த்தது அந்த ஒரு படத்தைத்தான்.