ஓஎஸ்/2 இயங்குதளத்தை வீழ்த்தியது மைக்ரோசாஃப்டா, ஐபிஎம்மா?

வட்டெழுத்து கேட்டது:

வணக்கம். ஓஎஸ்/2 பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரே கதைதான் சொல்லப்படுகிறது. ஐபிஎம் அருமையான ஓர் இயங்குதளத்தை உருவாக்கியது, கூட்டாளியான மைக்ரோசாஃப்ட் கூடவே இருந்து குழி பறித்தது, தரத்தில் பின்தங்கிய விண்டோஸ் சந்தையைப் பிடித்துக்கொண்டது என்பதே அது. இதை அப்படியே ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

1985 ஆகஸ்டில் இரு நிறுவனங்களும் கூட்டு ஒப்பந்தம் செய்துகொண்டு, 1990இல் பிரிந்தன. அதன்பின் 1992இல் ஐபிஎம் தனியாக வெளியிட்ட ஓஎஸ்/2 2.0 பதிப்பில் 32 பிட் அமைப்பு இருந்தது. ஒரு நிரல் செயலிழந்தாலும் மற்றவற்றின் நினைவகம் கெடாத பாதுகாப்பு இருந்தது. கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் பழைய டாஸ் இயங்குதளத்தின் நிரல்களும் அன்றைய விண்டோஸ் நிரல்களும் அதற்குள்ளேயே ஓடின. விண்டோஸ் 95 வெளிவந்ததோ 1995 ஆகஸ்ட் 24 அன்றுதான். மூன்று ஆண்டுகளுக்கு மேல் கைக்குள் இருந்த வாய்ப்பை, பணத்துக்கும் ஆளுக்கும் குறைவில்லாத ஒரு நிறுவனம் எப்படிக் கோட்டைவிட்டது? திரும்பிவர முடியாத பிழை எந்த ஆண்டில், எந்த முடிவில் நேர்ந்தது என்று கருதுகிறீர்கள்? நிறுவனங்களைத் திட்டுவதோ புகழ்வதோ வேண்டாம், காரணங்களைச் சொல்லுங்கள்.

மணிமுத்தாறு மறுமொழி:

என் கணிப்பில் அந்தப் பிழை 1992க்கு வெகு முன்னரே நேர்ந்துவிட்டது. 80286 நுண்செயலி கொண்ட ஏடி கணினிகளை ஐபிஎம் பெருநிறுவனங்களுக்கு ஏராளமாக விற்றிருந்தது. புதிய இயங்குதளம் அவற்றிலும் ஓடும் என்று வாக்கும் கொடுத்திருந்தது. அந்த வாக்கைக் காப்பாற்றுவதற்காக, இன்டெல் 1985 அக்டோபரிலேயே அடுத்த நுண்செயலியான 80386ஐ அறிவித்துவிட்ட பிறகும், ஓஎஸ்/2 முழுவதையும் 286க்காகவே எழுத வேண்டும் என்பதில் அது பிடிவாதமாக நின்றது.

இதனால் விளைந்த சங்கடத்தைச் சற்று நெருங்கிப் பார்த்தால்தான் புரியும். 286இல் பழைய டாஸ் நிரல்கள் ஓடும் இயல்பு நிலை ஒன்று, நினைவகப் பாதுகாப்புள்ள நிலை மற்றொன்று. முதலாவதிலிருந்து இரண்டாவதற்குப் போகலாம். திரும்பி வர வழியே கிடையாது. திரும்ப வேண்டுமானால் நுண்செயலியையே மீட்டமைக்க வேண்டும். ஏடி கணினியில் அந்த மீட்டமைப்புக் கட்டளை விசைப்பலகையைக் கவனித்துக்கொள்ளும் சில்லு வழியாகப் போனது. அது மெதுவாக இருந்ததால், நுண்செயலியை வேண்டுமென்றே அடுக்கடுக்கான பிழைகளுக்குள் தள்ளி, தானாகவே மீட்டமையச் செய்யும் உத்தியையும் கையாண்டார்கள். பயனர் ஒரு டாஸ் நிரலுக்கும் ஓஎஸ்/2 நிரலுக்கும் இடையே மாறும்போதெல்லாம் உள்ளே இந்தக் கூத்துதான் நடந்துகொண்டிருந்தது. இவ்வளவு பாடுபட்டும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு டாஸ் நிரலைத்தான் ஓட்ட முடிந்தது; அதுவும் முரண்டு பிடித்தால் மொத்தக் கணினியையும் முடக்கிவிடும்.

386இல் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஒவ்வொரு டாஸ் நிரலுக்கும் தனித்தனியே ஒரு போலிக் கணினியைக் காட்டும் வசதி அந்தச் சில்லிலேயே இருந்தது. காம்பேக் நிறுவனம் 1986 செப்டம்பரிலேயே 386 கணினியை விற்கத் தொடங்கிவிட்டது. ஐபிஎம்மின் முதல் 386 கணினி அதற்கு அடுத்த ஆண்டுதான் வந்தது. 1987 டிசம்பரில் வெளிவந்த ஓஎஸ்/2 1.0 பதிப்பில் சாளர முகப்புகூடக் கிடையாது. அது 1988 அக்டோபரில் 1.1 பதிப்போடுதான் சேர்ந்தது. நினைவகச் சில்லுகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு விலை ஏறியிருந்த அந்த ஆண்டுகளில், டாஸைவிடப் பல மடங்கு நினைவகம் கேட்கும் ஓர் இயங்குதளத்தை எவர் விரும்பி வாங்குவார்? 1990 மே மாதம் வந்த விண்டோஸ் 3.0 மலிவாகவும் இருந்தது, 386இன் வசதியையும் பயன்படுத்திக்கொண்டது.

வெண்காக்கை மறுமொழி:

மணிமுத்தாறு அவர்கள் சொன்ன வரலாறு சரியே. அதிலிருந்து அவர் எட்டும் முடிவோடுதான் எனக்கு உடன்பாடில்லை. 286 என்ற பிழையை 2.0 பதிப்பு முழுமையாகத் திருத்திவிட்டது. கேள்வி கேட்டவர் குறிப்பிடும் மூன்று ஆண்டுகள் ஏன் வீணாயின என்பதை அது விளக்காது.

ஐபிஎம் 2.0 பதிப்பை விற்ற விதத்தைப் பாருங்கள். டாஸைவிடச் சிறந்த டாஸ், விண்டோஸைவிடச் சிறந்த விண்டோஸ் என்பதே விளம்பரத்தின் சாரம். ஒரு மென்பொருள் நிறுவனத்தின் இடத்தில் நின்று இதைக் கேட்டுப் பாருங்கள். விண்டோஸுக்கு ஒருமுறை எழுதினால் அது இரண்டு இயங்குதளங்களிலும் விற்கும். ஓஎஸ்/2க்கென்று எழுதினால் ஒன்றில் மட்டும் விற்கும். கணக்குத் தெரிந்த எவரும் முதல் வழியைத்தான் தேர்வார்கள். ஆக, ஐபிஎம் விற்ற ஒவ்வொரு பிரதியும் விண்டோஸ் நிரல்களுக்கே வாடிக்கையாளரைச் சேர்த்துக் கொடுத்தது. பழைய ஒப்பந்தத்தின்படி விண்டோஸின் மூல நிரலைப் பயன்படுத்தும் உரிமை இருந்ததால்தான் இது நடந்தது. அந்த உரிமை 1993இல் முடிந்த பிறகு, விண்டோஸ் 95க்கென எழுதப்பட்ட நிரல்களை ஓட்ட ஐபிஎம்மிடம் வழியில்லாமல் போயிற்று.

நிரலாளர்களைத் தொடக்கத்திலேயே விரட்டியடித்த கதையும் உண்டு. 1987இல் ஓஎஸ்/2க்கு நிரல் எழுதத் தேவையான கருவித் தொகுப்பை மைக்ரோசாஃப்ட் 3,000 டாலருக்கு விற்றது. ஒரு பெருநிறுவனத்துக்கு அது பெரிய தொகையாக இராது; வீட்டு அறையில் அமர்ந்து எழுதும் தனிநபருக்கு அது எட்டாக்கனி.

வட்டெழுத்து:

வெண்காக்கை அவர்களே, விண்டோஸ் நிரல்களை ஓட்டும் அந்த வசதி இல்லாவிட்டால் 1992இல் ஓஎஸ்/2ஐ வாங்குவதற்குக் காரணமே இருந்திராதே? நிரல்கள் இல்லாத இயங்குதளத்தை எவரும் வாங்கமாட்டார்கள். வாங்குவோர் இல்லாத இயங்குதளத்துக்கு எவரும் நிரல் எழுதமாட்டார்கள். வேறு என்ன வழி இருந்தது என்கிறீர்கள்?

வெண்காக்கை:

கடையில் வாங்கும் கணினியிலேயே அது நிறுவப்பட்டு வந்திருக்க வேண்டும். ஏறத்தாழ இருபது நெகிழ்வட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செருகி, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸை விட்டு மாறுகிறவர்கள் ஆர்வலர்கள் மட்டுமே. அந்த இடத்தில்தான் ஐபிஎம் மாட்டிக்கொண்டது: காம்பேக் போன்ற போட்டியாளர்கள் தங்கள் எதிரி செய்த இயங்குதளத்தைத் தங்கள் கணினியில் ஏற்றி விற்க ஏன் முன்வர வேண்டும்? மைக்ரோசாஃப்ட் கணினி தயாரிக்கவில்லை. ஆகவே எல்லாருக்கும் பொதுவான விற்பனையாளராக அதனால் இருக்க முடிந்தது. ஓஎஸ்/2ஐத் தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டிருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் அன்றைய ஐபிஎம்மில் அப்படி ஒரு யோசனையைச் சொன்னவரை எவரும் மதித்திருக்க மாட்டார்கள்.

சாட்சிக்கூண்டு மறுமொழி:

இருவரும் மைக்ரோசாஃப்டை மிக எளிதாக விடுவித்துவிட்டீர்கள். கணினி தயாரிப்பாளர்கள் ஓஎஸ்/2ஐ ஏற்காததற்குப் போட்டி மனப்பான்மை மட்டும் காரணமில்லை. விற்கும் ஒவ்வொரு கணினிக்கும், அதில் எந்த இயங்குதளம் இருந்தாலும், மைக்ரோசாஃப்டுக்குக் கட்டணம் செலுத்த வேண்டும் என்ற உரிம முறை அப்போது நடைமுறையில் இருந்தது. வேறொன்றை ஏற்றினால் இரண்டு முறை பணம் கட்டியதாகிவிடும். அமெரிக்க அரசு தலையிட்டு 1994இல் அந்த முறைக்கு முடிவு கட்டியது. அதற்குள் சந்தை முடிவாகிவிட்டது.

அதைவிட வேதனையானது ஐபிஎம்மின் சொந்தக் கணினிப் பிரிவின் நிலை. மைக்ரோசாஃப்டுக்கு எதிரான வழக்கில் 1999இல் பதிவான சாட்சியத்தின்படியும் நீதிமன்றம் கண்டறிந்த உண்மைகளின்படியும், விண்டோஸ் 95 உரிமம் ஐபிஎம்முக்குக் கிடைத்தது அதன் வெளியீட்டு விழா தொடங்குவதற்குப் பதினைந்து நிமிடங்களுக்கு முன்புதான். ஓஎஸ்/2ஐயும், 1995இல் வாங்கிய லோட்டஸ் நிறுவனத்தின் மென்பொருள்களையும் ஐபிஎம் முன்னிறுத்தியதே இந்த இழுத்தடிப்புக்குப் பின்னணி. உரிமம் தாமதமானதால் பள்ளி திறக்கும் பருவத்து விற்பனையை அந்தப் பிரிவு இழந்தது. 2005இல் மைக்ரோசாஃப்ட் 77.5 கோடி டாலரை ஐபிஎம்முக்குக் கொடுத்து இந்தக் கணக்கை நேர்செய்தது.

எனினும் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். விண்டோஸ் இல்லாமல் தன் கணினி விற்காது என்று ஐபிஎம்மின் ஒரு பிரிவே நம்பிய பிறகு, இன்னொரு பிரிவு ஓஎஸ்/2ஐ வாங்குங்கள் என்று ஊருக்கு உபதேசம் செய்தால் எவர் நம்புவார்?

தண்டவாளம் மறுமொழி:

ஐபிஎம்மையும் மைக்ரோசாஃப்டையும் மட்டும் வைத்துப் பேசினால் மூன்றாமவரை மறந்துவிடுவோம். அது டிஜிட்டல் எக்விப்மென்ட், அதாவது டெக் என்ற கணினித் தயாரிப்பு நிறுவனம். வாக்ஸ் கணினிகளுக்கான விஎம்எஸ் இயங்குதளத்தை உருவாக்கிய குழுவின் முன்னோடி டேவ் கட்லர், அடுத்த தலைமுறைக்கான ஒரு நுண்செயலியையும் இயங்குதளத்தையும் அங்கே வடிவமைத்துக்கொண்டிருந்தார். டெக் 1988இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. அதே ஆண்டு அவர் தம்மோடு பணியாற்றிய சிலருடன் மைக்ரோசாஃப்டுக்குப் போய்விட்டார். அங்கே அவர் தொடங்கிய வேலை முதலில் ஓஎஸ்/2இன் அடுத்த பதிப்பாகத்தான் திட்டமிடப்பட்டது. விண்டோஸ் 3.0 எதிர்பாராத அளவுக்கு விற்றதும் திசை மாறி, 1993இல் விண்டோஸ் என்டி என்று வெளிவந்தது. இன்று நாம் பயன்படுத்தும் விண்டோஸ் அதன் வழித்தோன்றல்தான். ஓஎஸ்/2ஐ ஐபிஎம் இழந்ததைவிட, கட்லரை டெக் இழந்ததே பெரிய இழப்பு என்பேன். டெக் நிறுவனமே 1998இல் காம்பேக்குக்கு விற்கப்பட்டுவிட்டது.

விஎம்எஸ் நமக்கு அன்னியமும் இல்லை. இந்திய ரயில்வேயின் முன்பதிவு அமைப்பு 1980களின் நடுவில் டெல்லியில் வாக்ஸ் கணினிகளில் தொடங்கி, சென்னை உள்ளிட்ட மையங்களுக்குப் பரவி, பல பத்தாண்டுகள் அந்த இயங்குதளத்தின் மீதே ஓடியது. சீட்டுக்காக வரிசையில் நின்ற நம்மில் பெரும்பாலோருக்கு அதன் பெயர்கூடத் தெரியாது.

வட்டெழுத்து:

அனைவருக்கும் நன்றி. மணிமுத்தாறு அவர்களிடம் ஒரு துணைக் கேள்வி. ஓஎஸ்/2இல் ஒரு நிரல் உறைந்துவிட்டால் சுட்டி மட்டும் நகரும், எதைச் சொடுக்கினாலும் பலனிருக்காது என்று படித்திருக்கிறேன். நினைவகப் பாதுகாப்பு இவ்வளவு சிறப்பாக இருந்தும் இந்தக் குறை ஏன்?

மணிமுத்தாறு:

விசைப்பலகை, சுட்டி இரண்டிலிருந்தும் வரும் எல்லா உள்ளீடுகளும் ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டதுதான் காரணம். அது கவனக்குறைவால் வந்ததன்று. வேண்டுமென்றே அப்படி வடிவமைத்தார்கள். நீங்கள் ஒரு பொத்தானை அழுத்தி, அது திறக்கப்போகும் சாளரம் தோன்றுவதற்கு முன்பே விரைவாகத் தட்டச்சு செய்தால், அந்த எழுத்துகள் புதிய சாளரத்துக்குத்தான் போய்ச் சேர வேண்டும். அதற்கு, முதல் நிரல் தன் சொடுக்கை எடுத்துக் கையாளும்வரை பின்னால் வருபவை காத்திருக்க வேண்டும். அந்த நிரல் உறைந்துவிட்டால் வரிசையே உறைந்துவிடும். பின்னணியில் மற்ற நிரல்கள் நலமாக ஓடிக்கொண்டிருக்கும்; ஆனால் அவற்றை நம்மால் தொட முடியாது.

என்டியில் ஒவ்வொரு நிரலுக்கும் தனி வரிசை வைத்து இதைத் தவிர்த்தார்கள். ஓஎஸ்/2இல் அப்படிப் பிரித்தால் பழைய வரிசைமுறையை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் குழம்பிவிடும் என்ற தயக்கம் இருந்தது. வார்ப் என்ற பெயரில் வந்த பிந்தைய ஓஎஸ்/2 பதிப்புகளின் காலத்தில்தான் ஐபிஎம் ஒரு மாற்று ஏற்பாடு செய்தது: குறிப்பிட்ட நேரத்துக்குள் பதில் சொல்லாத நிரலைத் தாண்டி, அடுத்தடுத்த உள்ளீடுகளைக் கடத்திவிடுவது. ஓரளவுக்கு அது பலன் தந்தது. ஆனால் அதற்குள் விண்டோஸ் 95 கடைகளுக்கு வந்துவிட்டிருந்தது.