குவிமாடத்துக்கு நேர் கீழே யார்? தேவாலயம், பள்ளிவாசல் பார்த்தவர்களின் அனுபவங்கள்

கட்டடக்காரன்:

தேவாலயக் குவிமாடமும் பள்ளிவாசல் குவிமாடமும் எதில் வேறுபடுகின்றன என்று கேட்டால் பெரும்பாலும் உச்சியில் சிலுவையா பிறையா என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் பார்க்க இஸ்தான்புல் ஹாகியா சோபியாதான் சரியான இடம். ஜஸ்டினியன் பேரரசர் 537-ல் கட்டி முடித்த தேவாலயம். 1453-ல் பள்ளிவாசல், 1935-ல் அருங்காட்சியகம், 2020 முதல் மறுபடி பள்ளிவாசல்.

உள்ளே நுழைந்ததும் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். தொழில் புத்தி, என் கண் தூண்களுக்குத்தான் போனது. குவிமாடத்தின் அகலம் சுமார் 31 மீட்டர், தரையிலிருந்து உச்சி 55 மீட்டர். அவ்வளவு பெரிய வட்டத்தைச் சதுரமாக நிற்கும் நான்கு பெருந்தூண்கள் மேல் உட்கார வைக்க வேண்டும். நான்கு பக்கமும் வளைவு எழுப்பி, நடுவே மிச்சமாகும் மூலைகளை உள்நோக்கி வளைந்து ஏறும் முக்கோணத் துண்டுகளால் நிரப்பியிருக்கிறார்கள். அதற்கு மேல், வட்டத்தின் அடியைச் சுற்றி 40 சன்னல்கள். வெயில் நன்றாக அடிக்கும்போது குவிமாடம் எதன் மேலும் உட்காராதது போலத் தெரியும்.

பாரம் கீழே மட்டும் இறங்காது, வெளியேயும் தள்ளும். கிழக்கிலும் மேற்கிலும் அரைக்குவிமாடங்கள் முட்டுக் கொடுக்கின்றன. வடக்கிலும் தெற்கிலும் அந்த வசதி இல்லை. மாடிக் கூடத்தில் போய் நின்றால் பளிங்குத் தூண்கள் வெளிப்பக்கம் சாய்ந்திருப்பது வெறுங்கண்ணுக்கே தெரிகிறது. என் சைட்டில் இப்படி ஒரு தூண் நின்றால் அன்றைக்கே வேலையை நிறுத்தியிருப்பேன்! முதலில் கட்டிய குவிமாடம் இன்னும் தட்டையானது. 558-ல் விழுந்துவிட்டது. 562-க்குள் சுமார் 6 மீட்டர் உயர்த்திக் கட்டினார்கள். குவிவு கூடினால் பக்கத் தள்ளல் குறையும். அப்படியும் 989-லும் 1346-லும் ஒரு பகுதி இடிந்தது.

இன்னொன்று. கட்டடம் பழைய பலிபீடம் இருந்த திசையை நேராகப் பார்க்கிறது. கிப்லா, அதாவது தொழும்போது முகம் நோக்க வேண்டிய மக்கா திசை, அதற்குக் கொஞ்சம் வலப்புறம். அதனால் அந்தத் திசையைக் காட்டும் மாடமான மிஹ்ராபும் தரைக் கம்பளத்தின் கோடுகளும் கட்டடத்தோடு ஒட்டாமல் சாய்வாகப் போகின்றன. எனக்கு அது கடைசிவரை கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

காயல்காரி:

அண்ணன் உறுத்தல் என்று சொன்ன அந்தக் கோட்டில்தான் விஷயமே இருக்கிறது. ஜமாஅத்தாக, எல்லோரும் சேர்ந்து தொழும்போது தோளோடு தோள் சேர்ந்து ஸஃப், அதாவது வரிசையாக நிற்க வேண்டும். நடுவில் தூண் வந்தால் வரிசை அறுந்துபோகும். உஸ்மானியக் கட்டடக் கலைஞர் சினானின் பள்ளிகளை அடுத்தடுத்துப் பார்த்தால், மனிதர் ஆயுள் முழுக்கத் தூண்களை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே இருந்தாரோ என்று தோன்றும்.

1557-ல் முடிந்த சுலைமானியாவில் அவர் எடுத்துக்கொண்டது ஹாகியா சோபியாவின் அமைப்பைத்தான்: நடுவில் ஒன்று, முன்னும் பின்னும் அரைக்குவிமாடம். ஆனால் அங்கே பக்கக் கூடங்களை மறைத்து நிற்கிற தூண் வரிசை இங்கே கிடையாது. பெருந்தூண்களுக்கு நடுவே பக்கத்துக்கு இரண்டே தூண்கள். பெண்கள் பகுதியிலிருந்து பார்த்தபோதும் எனக்கு முழுக் கூடமும் ஒரே அறையாகத்தான் தெரிந்தது.

எதிர்னே நகரத்து செலிமியா, 1575, இன்னும் ஒரு படி மேலே. ஹாகியா சோபியா அளவுக்கே அகலமான குவிமாடம், எட்டுத் தூண்கள் மேல், அவையும் சுவரோரம் ஒதுங்கி நிற்கின்றன. எல்லாம் சரி, இவ்வளவு பாடுபட்டு நடுவைக் காலி செய்துவிட்டு அதே நடுவில் முஅத்தின்களுக்கு (பாங்கு சொல்பவர்களுக்கு) ஒரு மேடையை ஏன் வைத்தார் என்றுதான் எனக்குப் புரியவே இல்லை. உச்சிக்கு நேர் கீழே, பன்னிரண்டு குட்டித் தூண்கள் மேல் நிற்கிறது. அதற்கு அடியில் சின்ன நீரூற்று. அந்தத் தூண்களில் ஒன்றில் தலைகீழாக ஒரு டியூலிப் பூ செதுக்கியிருக்கிறார்கள். எல்லோரும் தடவித் தடவி அந்த இடம் வழவழவென்று ஆகிவிட்டது.

கடைசி பெஞ்சு:

ரோமில் கதை நேர்மாறு. புனித பேதுரு பசிலிக்காவில் குவிமாடத்துக்கு நேர் கீழே திருத்தந்தையின் பலிபீடம், அதற்கும் கீழே பேதுருவின் கல்லறை. நாங்கள் பூசை பார்த்தது முன்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்து. அங்கிருந்து குவிமாடம் முழுசாகத் தெரியவே தெரியாது. அது யார் தலைக்கு மேல் இருக்க வேண்டுமோ அவருக்காகக் கட்டியது. சதுக்கத்தில் நின்றாலும் 17-ஆம் நூற்றாண்டில் முன்னால் நீட்டிக் கட்டிய பகுதி அதைப் பாதி மறைத்துவிடுகிறது. தள்ளிப் போகப் போகத்தான் மேலே எழும்பி வரும்.

551 படி ஏறினேன். 1590-ல் மூடி முடித்த குவிமாடம் அது, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஓடுகள். படிக்கட்டு அந்த இடைவெளியில் போகிறது. மேலே போகப் போகச் சுவர் தலைப்பக்கம் வளைவதால் உடம்பை ஒருக்களித்துத்தான் ஏற முடியும். எனக்கு முன்னால் போன வெள்ளைக்காரத் தாத்தா ஒரு கட்டத்தில் நின்றே விட்டார். திரும்பவும் வழி கிடையாது, பின்னால் முழு வரிசை. கட்டடக்காரன் சொன்ன தள்ளல் இதையும் விடவில்லை. விரிசல் கண்டு 1740-களில் இரும்பு வளையங்களைப் பூட்டினார்கள்.

சரி, எதிர்னேக்கு எப்படிப் போவது?

காயல்காரி:

இஸ்தான்புல்லிலிருந்து பஸ்ஸில் இரண்டரை, மூன்று மணி நேரம். காலையில் கிளம்பினால் ராத்திரி திரும்பிவிடலாம். வெள்ளி மதியம் மட்டும் வேண்டாம், உள்ளே நின்று நிதானமாகப் பார்க்க முடியாது. செலிமியாவில் பராமரிப்பு வேலைக்குச் சாரம் கட்டியிருந்தார்கள், இப்போது எந்த அளவில் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.