எஸ்.ஜி. அயர்ன் வார்ப்பில் ஒலிவேகம் இறங்குகிறது, உதவுங்கள்

கோவையில் சின்ன ஃபவுண்டரி நடத்துகிறோம். எஸ்.ஜி. அயர்னில் (கிராஃபைட் உருண்டைகளாக அமைந்த வார்ப்பிரும்பு) வார்க்கும் பம்பு ஹவுசிங்கில் (பம்பின் வெளிக்கூடு) கிராஃபைட் சரியாக உருண்டிருக்கிறதா என்று அல்ட்ராசவுண்ட் வேகத்தை வைத்துத்தான் பார்ப்போம். வழக்கமாக நொடிக்கு 5600 மீட்டருக்குக் குறையாது. மூன்று வாரமாக 60 மி.மீ. தடிமனுள்ள ஃபிளாஞ்சில் (இணைப்பு விளிம்பில்) மட்டும் 5380 காட்டுகிறது. மெல்லிய சுவரில் குறையே இல்லை.

4 மெகாஹெர்ட்ஸ் நேர் புரோபை (ஒலியை நேராக உள்ளே அனுப்பும் முனை) 2-க்கு மாற்றினேன். மேற்பரப்பை கிரைண்ட் செய்து, தடிமனை மைக்ரோமீட்டரில் அளந்து, ஸ்டீல் பிளாக்கில் மறுபடி காலிபரேட் செய்தாயிற்று. அதே எண்தான். பின்சுவர் எதிரொலி (மறுபக்கத்தில் பட்டுத் திரும்பும் ஒலி) சோர்ந்துபோய், திரையின் அடியில் புல் முளைத்த மாதிரி இரைச்சல்.

கிராஃபைட்டை உருளவைக்கும் மெக்னீசியம் 0.042 சதவீதம். சோதனைக்கென்று தனியாக வார்த்த டெஸ்ட் பார் மைக்ரோஸ்கோப்பில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது சீக்கிரம் ஆறிவிடும் என்பதால் அதை நம்ப மனம் வரவில்லை.

கிராஃபைட் சிதைவா, சுருக்கத்தால் வந்த நுண்துளையா என்பதை வார்ப்பை வெட்டாமல் அல்ட்ராசவுண்டிலேயே பிரித்தறிவது எப்படி?