மழை மாதங்களில் ஆறு கலங்கினால் செபாராவ் மீனும் கெலா மீனும் எங்கே போகின்றன?

கேள்வி: லயத்துத் தூண்டில் (சுங்கை சிப்புட்)

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பிறந்து வளர்ந்தவன் நான். பட்டணத்துக்குக் குடிவந்த பிறகும் ஞாயிறு தவறாமல் பிளுஸ் ஆற்றுக்குப் போய்விடுவேன். ஜூன், ஜூலையில் தண்ணீர் தெளிந்து ஓடும்போது ஸ்பூன் (கரண்டி வடிவ உலோகப் பொய் இரை) போட்டால் ஒரு செபாராவாவது கடிக்கும். அக்டோபர் பிறந்து பிற்பகல் மழை தொடங்கிவிட்டால் ஆறு பால் தேநீர் நிறத்துக்கு மாறிவிடுகிறது. சென்ற ஆண்டு அக்டோபர் முழுவதும் அதே இடத்தில், அதே ஸ்பூனை வீசி, ஒரு மீன்கூட இல்லாமல் திரும்பினேன். இங்கிலாந்தில் இலையுதிர் காலம்தான் பார்பெல் மீனுக்கும் வேட்டை மீன்களுக்கும் மிக நல்ல பருவம் என்று படித்தேன். அங்கே மழையும் கலங்கல் நீரும் நன்மை தருகின்றன என்றால், இங்கே மட்டும் ஏன் கெடுதலாகின்றன? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி 1: ஆற்றங்கரை

தம்பி, நாட்காட்டியை மறந்துவிட்டு, தண்ணீர் ஏறுகிறதா வடிகிறதா என்பதை மட்டும் பாருங்கள். கரையில் தண்ணீர் தொடும் இடத்தில் ஒரு குச்சியை நட்டு வைத்துக் கால் மணி நேரம் காத்திருங்கள். குச்சி நனைந்துகொண்டே போனால் ஆறு ஏறுகிறது. குச்சிக்கும் தண்ணீருக்கும் நடுவே ஈர மண் தெரிந்தால் வடிகிறது. ஏறும் நீரில் செபாராவைத் தேடுவது வீண். அது கண்ணால் பார்த்துத் துரத்திப் பிடிக்கும் மீன். முதுகுத் துடுப்புக்குக் கீழே கறுப்புப் பட்டையும், கறுப்பு ஓரமிட்ட சிவந்த வாலும் கொண்ட அந்த மீனுக்கு, கலங்கிய நீரில் உங்கள் ஸ்பூன் தெரியவே தெரியாது.

சென்ற ஆண்டு நீங்கள் செய்த பிழை, இடத்தை மாற்றாததுதான் என்று நினைக்கிறேன். காட்டிலிருந்து வரும் சிற்றோடைகள் பெரிய ஆற்றைவிட முன்னதாகத் தெளிந்துவிடும். அவை கலக்கும் முகத்தில் பழுப்பு நீரும் தெளிந்த நீரும் கோடு போட்டது போலப் பிரிந்து ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். சிறு மீன்கள் தெளிந்த பக்கம் ஒதுங்கும். செபாராவ் அந்தக் கோட்டுக்கு அருகில், சாய்ந்து கிடக்கும் மரத்தின் நிழலில் காத்திருக்கும். ஸ்பூனைப் பழுப்பு நீரில் விழவிட்டு, கோட்டைக் கடந்து தெளிந்த நீருக்குள் இழுத்து வாருங்கள். கடிக்கிற மீன் பெரும்பாலும் அந்த எல்லையைத் தாண்டிய முதல் இரண்டு முழத்துக்குள் கடித்துவிடும்.

ஆறு கலங்கியே இருக்கும் நாளில் ஸ்பூனைப் பெட்டியில் வைத்துவிட்டு, மண்புழுவும் ஈயக்குண்டும் எடுத்துக்கொண்டு பாவுங் பிடியுங்கள். மீசையுள்ள கெளுத்தி இனமாகையால் அதற்குக் கண்ணைவிட மோப்பமே வழிகாட்டி.

மறுமொழி 2: செம்பனை நிழல்

கெலாவைப் பற்றி நான் சொல்கிறேன். செபாராவும் கெலாவும் ஒரே கெண்டைக் குடும்பம்தான். ஆனால் செபாராவ் வேட்டையாடும், கெலாவோ கரையோர மரங்களிலிருந்து விழும் பழங்களையும் விரும்பித் தின்னும். அதனால்தான் தோட்டத்து மக்களாகிய நம் கையிலேயே அதற்கான இரை இருக்கிறது. நன்றாகப் பழுத்துத் தானாக உதிர்ந்த செம்பனை (எண்ணெய்ப்பனை) பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே கொட்டை கடினமாக இருப்பதால் தூண்டில் முள்ளை நடுவில் குத்த முயலாமல், சதைப் பகுதியில் மட்டும் சாய்வாக ஏற்றி, முனை வெளியே தெரியும்படி விடுங்கள். அழுத்திக் குத்தினால் சதை கிழிந்து, வீசும்போதே பழம் தனியே பறந்துவிடும். விரல்களில் ஒட்டும் அந்த ஆரஞ்சு நிற எண்ணெய்தான் வடிகின்ற நீரில் கெலாவை அழைத்து வருகிறது என்பது என் நம்பிக்கை.

பழத்தை நீரோட்டத்தின் வேகத்துக்கே உருண்டு போகவிட வேண்டும். கெலா எடுத்ததும் பாறைகளை நோக்கி ஓடும். அந்த முதல் ஓட்டத்தை முரட்டுத்தனமாக நிறுத்த முயன்றால் தூண்டில் நரம்பு அறுந்துவிடும்.

இன்னொரு வேண்டுகோள். கெலா மெதுவாக வளரும் மீன். நம் ஆறுகளில் மிகவும் குறைந்துவிட்டது. பகாங்கில் தாமான் நெகாரா தேசியப் பூங்காவின் லூபோக் தெனோரில் காப்பகம் அமைத்துப் பாதுகாக்கிறார்கள். அங்கே வருபவர்கள் தூண்டில் போடுவதில்லை, கெலாவுக்குத் தீனி போட்டுப் பார்த்து மகிழ்கிறார்கள். உங்களுக்குக் கிடைப்பதையும் திரும்ப விட்டுவிடுங்கள்.

மறுமொழி 3: டிரெண்ட் கரையில் மூன்றாண்டு

வேலை நிமித்தமாக நாட்டிங்ஹாமில் மூன்றாண்டுகள் இருந்தேன். டிரெண்ட் ஆற்றில் பார்பெல் பிடித்த அனுபவம் உண்டு. உங்கள் கேள்வியின் மற்றப் பாதிக்கு விடை, நீரின் வெப்பத்தில் இருக்கிறது. அங்கே குளிர்காலம் வந்தால் நீர் மிகவும் குளிர்ந்து பார்பெல் இரையெடுப்பதைப் பெரிதும் குறைத்துக்கொள்ளும். அதற்கு முன்பாக, கோடையின் வெதுவெதுப்பு இன்னும் நீங்காத இலையுதிர் காலத்தில் அது நிறையத் தின்னும். அந்த நேரத்தில் மிதமான மழை பெய்து ஆறு சற்றே ஏறிக் கலங்கினால், பயம் தெளிந்து பகலிலேயே மேயும். அடித்தளத்துக் கூழாங்கற்களில் நான்கு மீசைகளால் தடவி இரை தேடும் மீனுக்குக் கலங்கல் தடையல்ல. லத்தீன் மொழியில் தாடியைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் அதன் பெயரே வந்தது. ஆகவே இங்கிலாந்து பார்பெல்லை நம் செபாராவோடு ஒப்பிடாமல், கெலாவோடும் பாவுங்கோடும் ஒப்பிட்டால் குழப்பம் தீர்ந்துவிடும். அங்குள்ள பைக் மீனைத்தான் செபாராவுக்கும், விரால் இனத்துத் தோமானுக்கும் இணையாகச் சொல்லலாம். அதுவும் பார்வையால் வேட்டையாடுவது, நீர் தெளியத் தொடங்கும்போதுதான் நன்றாகக் கடிக்கும். நம் ஆற்றில் வெப்பம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. எனவே இங்கே பருவத்தைத் தீர்மானிப்பது நீரின் தெளிவுதான்.

அங்கே கற்ற ஒரு பழக்கத்தை இங்கே கெலாவுக்கும் பின்பற்றுகிறேன். பார்பெல் தன் வலு முழுவதையும் செலவழித்துப் போராடும்; கரைக்கு வந்ததும் உடனே எறிந்துவிட்டால் புரண்டு மூழ்கி இறந்துவிடும். தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்து, வயிற்றுக்குக் கீழே கையைத் தாங்கலாகக் கொடுத்து, அது தானாக உதறிக்கொண்டு போகும்வரை பிடித்திருக்க வேண்டும். சில சமயம் ஐந்து நிமிடமும் ஆகும்.

மறுமொழி 4: லிந்தாங் பக்கம்

மீனைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். உயிரைப் பற்றி நான் சொல்கிறேன். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே தித்திவங்சா மலையில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். மலாய்க்காரர்கள் ‘கெபாலா ஆயேர்’ என்று சொல்லும் வெள்ளம் சில நிமிடங்களில் வந்துவிடும். சருகும் சுள்ளியும் திடீரென்று மிதந்து வந்தாலோ, நிறம் மாறினாலோ, மேலிருந்து இரைச்சல் கேட்டாலோ தூண்டிலை எடுக்கக்கூட நிற்காதீர்கள். ஆற்று நடுவிலுள்ள மணல் திட்டில் இந்த மாதங்களில் ஒருபோதும் நிற்க வேண்டாம். பிற்பகல் இரண்டு மணிக்குள் திரும்பிவிடுவது என் வழக்கம்.

இன்னொரு மனக்குறையும் உண்டு. சென்ற மழைக்காலத்தில் ஓடை முகத்தில் மின்சாரம் பாய்ச்சி மீன் பிடித்திருந்தார்கள். விரல் நீளக் குஞ்சுகள் வெள்ளை வயிறு தெரிய ஒதுங்கிக் கிடந்தன. மின்சாரம், வெடி, நஞ்சு மூன்றையும் 1985-ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டம் தடை செய்கிறது. கண்ணில் பட்டால் மீன்வளத் துறைக்குத் தெரிவியுங்கள்.

லயத்துத் தூண்டில்

ஐயாமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் மிக்க நன்றி. எல்லாவற்றையும் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். குச்சி நடும் பேச்சு வந்ததும் அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ரப்பர் மரத்தில் பால் வெட்டிய காலத்தில் அவரும் அப்படித்தான் பார்ப்பாராம், என்னிடம் சொல்லத் தோன்றவில்லை என்றார். வரும் ஞாயிறு விடியற்காலையில் அவரையும் அழைத்துக்கொண்டு ஓடை முகத்துக்குப் போகிறேன். செம்பனைப் பழம் பொறுக்கித் தருவது தன் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறார்.