புதுப்பிப்பு: வாசிகசாலைக் கணினிகளின் தானியங்கி இற்றைப்படுத்தல்

கொக்குவிலில் எங்கள் வாசிகசாலையின் உபுண்டு இயங்குதளக் கணினிகள், பின்னேரம் 4 மணிக்குப் பிள்ளைகள் படிக்க அமரும் வேளையிலேயே இற்றைப்படுத்தலில் இறங்கித் திணறுகின்றன என்று முன்னர் எழுதியிருந்தேன்; காரணம் இப்போது பிடிபட்டுவிட்டது. இற்றைப்படுத்தலைக் குறித்த நேரத்தில் தொடக்கிவிடும் 'ஆப்ட் அப்கிரேட் டைமர்' காலை 6 மணிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. அந்நேரம் கணினி அணைந்திருந்தால், 'பெர்சிஸ்டன்ட்' என்னும் அமைப்பு, தவறிய வேலையைக் கணினி இயங்கத் தொடங்கிய ஒரு மணித்தியாலத்துக்குள் தொடக்கிவிடுகிறது. ஆகவே 'பெர்சிஸ்டன்ட்' அமைப்பை நிறுத்தி, 'சிஸ்டம்சிடிஎல் எடிட்' கட்டளையால் நேரத்தை இரவு 7.15 ஆக மாற்றினேன். முதல் முயற்சி பலிக்கவில்லை: நேரத்தைக் குறிக்கும் 'ஆன்கலண்டர்=' என்னும் வரியை முதலில் வெறுமையாக இட்டுப் பழைய நேரத்தை அழிக்காவிட்டால், இரண்டு நேரங்களும் சேர்ந்தே நடைமுறையில் இருக்கும். தானியங்கி முறையையே நிறுத்திவிடுங்கள் என்றார்கள் சிலர். பிள்ளைகள் கைவைக்கும் கணினியில் பாதுகாப்புத் திருத்தங்கள் பிந்துவதற்கு நான் உடன்படமாட்டேன். நேற்றிரவு 7.32க்குத் திருத்தங்கள் ஏறியதாகப் பதிவுக் கோப்பு காட்டுகிறது.