பக்கிக்கு ட்யூன்: எஞ்சினுக்கு மட்டுமா, கியர்பாக்ஸுக்கும் சேர்த்தா?

சாட்ஸ்வொர்த்காரன்:
வணக்கம் அண்ணன்மாரே. என்னிடம் 3.2 லிட்டர் டீசல் பக்கி (பிக்கப் வண்டி), 6 கியர் ஆட்டோ, டார்க் (சுழற்று விசை) 470 நியூட்டன் மீட்டர். கேரவனைக் கட்டிக்கொண்டு டர்பன்-ஜோபர்க் நெடுஞ்சாலையான என்3-யில் வான் ரீனன் கணவாய் ஏறும்போது 5க்கும் 4க்கும் மாறிக்கொண்டே இருக்கிறது, ஒவ்வொரு தடவையும் பின்சீட்டில் அம்மாவின் பிரியாணிச் சட்டி குலுங்குகிறது. எஞ்சின் சக்தியைக் கூட்டும் சிப் பெட்டி ஒன்று மாட்டினால் போதும் என்கிறார்கள், சரியா?

பீனிக்ஸ் டீசல்:
பெட்டி வேண்டாம் தம்பி. சென்சார் சொல்வதை மாற்றிச் சொல்லி எஞ்சினை ஏமாற்றுகிற வேலை அது. கூடுதல் டார்க் வருவது கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்குத் தெரியாது, அதனால் எண்ணெய் அழுத்தத்தை ஏற்றாது, கிளட்ச் வழுக்கும். நான் பட்டிருக்கிறேன்; எண்ணெயை வடித்தால் காப்பிக் கஷாயம் மாதிரி கருப்பு, கருகல் வாடை வேறு. உன் தொல்லை கியர் மாறும் இடத்தில்தான். முதலில் கியர்பாக்ஸ் எண்ணெயை மாற்று, அப்புறம் கியர்பாக்ஸ் ட்யூன், அதாவது அதன் கம்ப்யூட்டர் நிரலை மாற்றுவது: ஏற்றத்தில் 4-ஐப் பிடித்துக்கொண்டு கன்வெர்ட்டர் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைப்பது) வழுக்காமல் சீக்கிரம் லாக் ஆக வேண்டும், சூடும் குறையும். எஞ்சினுக்கு டார்க் கொஞ்சம் ஏற்றினால் போதும்.

ஜோபர்க் மாமா:
இங்கே 1,700 மீட்டர் உயரம், காற்று மெலிசு, எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ கூடுதலாகச் சுழலும். கடல்மட்டத்தில் இருக்கும் டர்பனில் டைனோ (சக்தி அளக்கும் உருளை மேடை) போட்டு முழு பூஸ்ட் (டர்போ காற்றழுத்தம்) வைத்துக்கொண்டு இங்கே வராதே. புகைபோக்கி வெப்ப மீட்டர் ஒன்று மாட்டு. இன்சூரன்ஸிடமும் சொல்லிவிடு, மறைத்தால் கிளெய்ம் போகும்.

சாட்ஸ்வொர்த்காரன்:
நன்றி மாமா, அண்ணா. சனிக்கிழமை எண்ணெய் மாற்றுகிறேன். அதுவரை ஏற்றத்தில் கையாலேயே 4-இல் வைத்து ஓட்டுகிறேன்.