கேரவனின் பின்பக்கத் தாங்கியில் உதிரிச் சக்கரமும் தண்ணீர்க் கேனும் ஏற்றலாமா? ஜூலையில் ஊட்னடாட்டா போகிறோம்

செம்மண் பயணி (அடிலெய்டு)
வணக்கம். ஜூலைப் பள்ளி விடுமுறையில் மேரியிலிருந்து மார்லா வரை தென் ஆஸ்திரேலியாவின் ஊட்னடாட்டா தடத்தில் போகிறோம். ஏறத்தாழ 620 கிலோமீட்டர், மண் சாலை. வண்டி டொயோட்டா பிராடோ 150. பின்னால் இழுத்துப் போவது, எட்டு மாதத்துக்கு முன் பழையதாக வாங்கிய 18 அடி கேரவன் (கட்டில், அடுப்போடு கூடிய இழுவை வீடு). இரட்டை அச்சு, மண் சாலைக்கென்றே கட்டியது. அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 2900 கிலோ.

செய்ய நினைப்பவை: பின்னால் இரும்புத் தாங்கி பற்றவைத்து, அதில் இரண்டாவது உதிரிச் சக்கரமும் இரண்டு 20 லிட்டர் தண்ணீர்க் கேன்களும். கட்டிலுக்குக் கீழே 200 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி (மிக்ஸி ஓட வேண்டும் என்பது வீட்டு உத்தரவு). கூரையில் புழுதி தடுக்கும் காற்றுப்பிடிப்பான். முன்னால் அலுமினியத் தகட்டில் கல் தடுப்பு. கையில் இருப்பது ஏழாயிரம் டாலர். எதை முதலில் செய்யலாம்?

நாலுசக்கரம் (பெர்த்)
எல்லாவற்றையும் செய்யுங்கள் நண்பரே, அதுவும் கிளம்புவதற்கு முன். மேற்கு ஆஸ்திரேலியாவின் கிப் ரிவர் மண் சாலையில் இரண்டு முறை கேரவன் இழுத்தவன் சொல்கிறேன். டெர்பி பக்கம் ஆரம்பித்தால் 660 கிலோமீட்டர். முதல் முறை, கம்பெனி கட்டிக் கொடுத்ததை அப்படியே நம்பிப் போனேன். இரண்டாம் நாள் மாலை கதவைத் திறந்தால் தரையெல்லாம் திருகாணி, மிளகு டப்பா கவிழ்ந்தது போல. மேல் அலமாரி சுவரிலிருந்து இரண்டு விரல் கடை விலகி நின்றது. உள்ளே பார்த்தால் அதைத் தாங்கியவை வெறும் ஸ்டேப்பிள் ஊசிகளும் நான்கு குட்டித் திருகாணிகளும்தான். இப்போது என் வண்டியில் அலமாரிகள் எல்லாம் அலுமினிய மூலைக்கோணம் வைத்து, நைலான் பூட்டு நட்டுடன் போல்ட் போட்டவை.

இரண்டு உதிரிச் சக்கரம் கட்டாயம். ஒரே நாளில் இரண்டு டயர் கிழிந்து நடுச்சாலையில் உட்கார்ந்திருக்கிறேன். பின்பக்கத் தாங்கிதான் அதற்கு வசதியான இடம்.

பழைய இரும்பு (மெல்பேர்ன்)
தம்பி செம்மண், முதலில் ஒரு கேள்வி. உங்கள் கரவனை எப்போதாவது எடை மேடையில் ஏற்றியிருக்கிறீர்களா? ஏற்றாமல் ஒரு போல்ட் கூட வாங்க வேண்டாம்.

முப்பது வருடம் கனரக வாகனங்களுக்குக் கீழே படுத்துக் கிடந்தவன் நான். எங்கள் ஊரில் கிணற்றுத் துலா இருந்தது. அடிப்பக்கம் பாரம் கட்டினால் நுனி தானாக மேலே எழும்பும். உங்கள் கரவனும் துலாதான். அச்சுதான் அதைத் தாங்கும் ஆடுகால். பின் தாங்கியில் சக்கரம் 37 கிலோ, தண்ணீரோடு கேன்கள் 43, தாங்கியின் இரும்பு 20. ஆக 100 கிலோ. 18 அடிக் கரவனில் அச்சுகளின் நடுவிலிருந்து பின்முனை 2.9 மீற்றர், முன்னால் வாகனத்தோடு பூட்டும் கொக்கி 4.4 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். 100ஐ 2.9ஆல் பெருக்கி 4.4ஆல் வகுங்கள். கொக்கியில் இறங்கும் பாரம் 66 கிலோ குறைந்துவிடும். பாரம் ஏற்றிய கரவனின் எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் இருக்க வேண்டும் என்பது இங்கே எல்லோரும் பின்பற்றும் கணக்கு. அதற்கு வெகுவாகக் கீழே போனால், நெடுஞ்சாலையில் ஒரு பெரிய லொறி கடந்து போகும் காற்றுக்கே வால் ஆடத் தொடங்கும். மார்லாவில் மண் தடம் முடிந்து தார் வீதியில் 100இல் போகும்போதுதான் அந்த ஆட்டம் ஆளைக் கவிழ்க்கும்.

நாலுசக்கரம் (பெர்த்)
கணக்குச் சரி ஐயா, பயமுறுத்தல்தான் அதிகம். கருவிப் பெட்டி, ஜாக், சங்கிலி எல்லாவற்றையும் முன்பக்கப் பெட்டிக்கு மாற்றினால் அந்த 66 கிலோ கொக்கிக்குத் திரும்பி வந்துவிடும். ஆட்டத்தை உணர்ந்து தானாக பிரேக் போடும் மின்னணு நிலைப்படுத்தியும் இன்று கிடைக்கிறது. உங்கள் காலத்துக் கரவன் இல்லை இது.

பழைய இரும்பு (மெல்பேர்ன்)
என் காலம் போகட்டும், காவடியின் காலம் எது? தோளில் காவடி, இரு முனையிலும் ஒவ்வொரு குடம். சமநிலை அருமையாக இருக்கும். இப்போது சட்டென்று திரும்பி, சட்டென்று நின்று பாருங்கள். குடங்கள் உங்களைச் சுழற்றிக்கொண்டு போகும். அதே இரண்டு குடங்களை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பினால் ஒன்றும் ஆகாது. கொக்கியின் பாரத்தைச் சரிக்கட்ட முன்னாலும் கூட்டினால் நீங்கள் செய்வது காவடிதான். தராசு சரி என்று சொல்லும். ஆடத் தொடங்கினால் நிறுத்துவது கடினம். மொத்த எடையும் கூடிவிடும். பாரம் அச்சுக்கு மேலே, தாழ்வாக இருக்க வேண்டும். மின்னணு நிலைப்படுத்தியை நான் குறை சொல்லவில்லை. அது தவறு நடந்த பிறகு பிடிக்கும் கை. தவறான பாரத்தைச் சரியாக்கும் கருவி அல்ல.

கூடாரவாசி (கான்பெரா)
மூவருக்கும் வணக்கம். நாங்கள் அதே தடத்தில் இரண்டு கூடாரம், ஒரு அடுப்பு, ஒரு ஐஸ் பெட்டியோடு போய் வந்தோம். செலவு மிச்சம், காவடியும் இல்லை.

செம்மண் பயணி (அடிலெய்டு)
கூடாரவாசி, ஜூலையில் அங்கே இரவில் வெப்பம் பூஜ்யத்தை ஒட்டி இறங்கும் என்று என் மாமியாரிடம் நீங்களே சொல்லுங்கள். அவரும் வருகிறார்.

பெரியவரே, துலா நன்றாகப் புரிந்தது. ஆனால் இரண்டாவது உதிரிச் சக்கரம் வேண்டாம் என்கிறீர்களா? நாலுசக்கரம் சொல்வதைப் படித்த பிறகு ஒன்றோடு போக மனம் வரவில்லை.

பழைய இரும்பு (மெல்பேர்ன்)
வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் கரவனின் சக்கரமும் பிராடோவின் சக்கரமும் ஒரே அளவா? பிராடோ 150க்கு ஆறு போல்ட், 139.7 மில்லிமீற்றர் வட்டம். மண் சாலைக் கரவன்களில் பெரும்பாலானவற்றுக்கும் அதே வட்டம்தான். பிராடோவின் 265/65 ஆர் 17 ரயரையும் றிம்மையும் கரவனுக்கும் போட முடிந்தால், வண்டியின் உதிரி ஒன்று, கரவனின் உதிரி ஒன்று. இரண்டும் இரண்டுக்கும் உதவும். ஒரு கிலோ கூடாமல் இரண்டு உதிரி கிடைத்துவிட்டது. றிம்மின் உள்வாங்கும் அளவு, பிரேக் டிரம்முக்கும் மட்கார்ட்டுக்கும் உள்ள இடைவெளி, ரயர் தாங்கும் எடை, இவற்றை மட்டும் அளந்து பாருங்கள். ஏழாயிரத்தில் முதல் செலவு இதுவாக இருக்கட்டும்.

நாலுசக்கரம் (பெர்த்)
இதை ஒப்புக்கொள்கிறேன். நானே செய்திருக்க வேண்டியது. ஆனால் அன்று என் டயர் கிழிந்ததற்குக் காரணம் கூரிய கல். அளவு ஒன்றாக இருந்தாலும் கிழியும்.

பழைய இரும்பு (மெல்பேர்ன்)
அன்று ரயரில் காற்றழுத்தம் எத்தனை பிஎஸ்ஐ வைத்திருந்தீர்கள்?

நாலுசக்கரம் (பெர்த்)
தார்ச் சாலையில் வைப்பதுதான். 45.

பழைய இரும்பு (மெல்பேர்ன்)
அப்படியானால் கல்லின் மீது மட்டும் பழி போடாதீர்கள். 45இல் ரயர் கல்லைத் தழுவாது, கல்லோடு முட்டும். கொரகேஷன் என்று இங்கே சொல்லும் அந்த வரிமேட்டுச் சாலையில் அடி முழுவதும் வில்பட்டைக்கும் ஷாக் அப்சோர்பருக்கும் போகும், அங்கிருந்து உங்கள் அலமாரித் திருகாணிக்குப் போகும். உங்கள் மிளகு டப்பா கவிழ்ந்ததில் கரவன் கட்டியவனுக்குப் பாதிப் பங்கு, 45க்குப் பாதிப் பங்கு. 28 அளவில் தொடங்குங்கள், வேகத்தை 80க்குள் வையுங்கள். ஒரு மணித்தியாலம் ஓடிய பின் நிறுத்திப் பார்க்கும்போது ரயர் குளிர்ந்திருந்தபோது இருந்ததை விட 4 பிஎஸ்ஐக்கு மேல் ஏறியிருந்தால், அந்தப் பாரத்துக்கும் வேகத்துக்கும் காற்றுப் போதவில்லை. கொஞ்சம் கூட்டுங்கள் அல்லது வேகத்தைக் குறையுங்கள். தார் வீதி வந்ததும் மறுபடி நிரப்ப வேண்டும். ஒரு நல்ல காற்றடிக்கும் கருவி போதும்.

நாலுசக்கரம் (பெர்த்)
காற்றைக் குறைத்தால் ஸ்டேப்பிள் ஊசி போல்ட்டாகிவிடுமா? இரண்டாவது பயணத்தில் 28தான் வைத்தேன், அலமாரியும் நிமிர்ந்து நின்றது. எது காரணம் என்று நீங்களும் பிரித்துச் சொல்ல முடியாது, நானும் முடியாது. நான் இரண்டையும் செய்வேன். மூலைக்கோணங்கள் மொத்தமே இரண்டு கிலோ.

மின்கம்பி (பிரிஸ்பேன்)
பேட்டரியைப் பற்றி யாரும் பேசவில்லையே. நான் மின்பணியாளர், கேரவன் வேலையும் செய்கிறேன்.

கட்டிலுக்குக் கீழே லித்தியம் வைக்கும் பழக்கம், கேரவன் மின்வேலைக்கான 2022 தர விதிக்குப் பிறகு சிக்கலானது. ஆட்கள் தூங்கும் பகுதியில் வைப்பதென்றால் உள்பக்கம் முழுவதும் அடைத்த தனிப் பெட்டி வேண்டும், அதன் காற்று வெளியே போக வேண்டும். ஏனோதானோவென்று வைத்துவிட்டுப் பின்னால் காப்பீட்டுக்காரரோடு மல்லுக்கட்டாதீர்கள்.

அடுத்தது கம்பி. இதில் ஏமாறாதவர்கள் குறைவு. வாகன உதிரிபாகக் கடையில் '6 மில்லிமீட்டர்' என்று விற்கும் கம்பியின் செம்புப் பரப்பு 6 சதுர மில்லிமீட்டர் அல்ல, ஏறத்தாழ 4.6தான். அந்த 6 என்பது உறையோடு சேர்ந்த தடிமன். வண்டி பேட்டரியிலிருந்து கேரவனின் சார்ஜருக்கு 8 மீட்டர் என்றால், போக வர 16. 25 ஆம்பியர் ஓடும்போது அந்தக் கம்பியிலேயே ஒன்றரை வோல்ட் தொலைந்துவிடும். 13.5 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்கு வரும். 'சார்ஜர் பழுது' என்று என்னிடம் வந்த பலரின் சார்ஜர் நன்றாகவே இருந்தது.

ஜூலை என்றதால் இன்னொன்று. பேட்டரியின் உள்வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே போனால் லித்தியத்துக்கு சார்ஜ் ஏற்றக் கூடாது. நல்ல பேட்டரியில் அதைத் தடுக்கும் காவல் உள்ளேயே இருக்கும். வாங்குமுன் கேளுங்கள்.

செம்மண் பயணி (அடிலெய்டு)
நன்றி அக்கா. 6 மில்லிமீட்டர் கம்பியை ஏற்கெனவே வாங்கி வைத்துவிட்டேன். நாளை திருப்பிக் கொடுக்கிறேன். 100 ஆம்பியர்-அவர் போதுமா? இப்போது இருக்கும் பழைய பேட்டரியைத் தூக்கியபோதே முதுகு பிடித்துக்கொண்டது.

மின்கம்பி (பிரிஸ்பேன்)
அந்தப் பழைய ஈயப் பேட்டரி 30 கிலோ இருக்கும். லித்தியத்தில் 100 என்றால் 12 கிலோ சுற்றித்தான், அதிலும் பயன்படுத்தக் கிடைக்கும் மின்சாரம் அதிகம். விளக்கும் குளிர்ப்பெட்டியும் தினம் இரண்டு நிமிடச் சட்னியும் என்றால், கூரையில் சூரியத் தகடு இருக்கும் பட்சத்தில் 100 தாராளம். பெரியவரின் எடைக் கணக்கில் உங்களுக்கு ஏறத்தாழ 18 கிலோ வரவு.

நாலுசக்கரம் (பெர்த்)
புழுதிக்கு வருகிறேன். அந்தப் பக்கத்துப் புழுதி மணல் அல்ல, கோதுமை மாவு. முன்னே ஒரு வண்டி போனால் தலையணை உறைக்குள் வரை வரும். கீழ்க்கதவுத் துவாரம், குளிர்ப்பெட்டித் துவாரம், அடுப்புப் புகைப்போக்கி எல்லாவற்றையும் நாடா ஒட்டி அடைத்துவிடுங்கள். கூரையில் முன்னோக்கித் திறக்கும் காற்றுப்பிடிப்பான் வையுங்கள். ஓடும்போது அது உள்ளே காற்றைத் தள்ளும், உள்ளே அழுத்தம் கூடும், இடுக்குகள் வழியே காற்று வெளியே போகுமே தவிரப் புழுதி உள்ளே வராது.

பழைய இரும்பு (மெல்பேர்ன்)
காற்றுப்பிடிப்பான் நல்ல வேலை, அதில் எனக்குச் சண்டை இல்லை. 'எல்லாவற்றையும் அடையுங்கள்' என்பதில்தான் சண்டை. கரவனில் காஸ் அடுப்பு இருக்கிறது. அந்தக் காஸ் காற்றை விடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். கீழ்த் துவாரத்தை விதிப்படி வைத்திருப்பதே அது வெளியே வழிந்தோடத்தான். ஓடும்போது சிலிண்டரைப் பூட்டிவிட்டு மூடினாலும், இரவு முகாமில் நாடாவைக் கழற்ற மறந்து அடுப்பைப் பற்றவைத்தால்? மாமியாரும் பிள்ளைகளும் உள்ளே தூங்குகிறார்கள்.

நாலுசக்கரம் (பெர்த்)
மறக்காமல் இருக்கத்தான் சிவப்பு நாடா ஒட்டி, அதன் வாலை அடுப்பு மூடி வரை இழுத்து ஒட்டுகிறேன். அதைக் கிழிக்காமல் அடுப்பு திறக்காது. இதுவரை ஒரு முறையும் மறந்ததில்லை.

பழைய இரும்பு (மெல்பேர்ன்)
உங்கள் நாடா கெட்டிக்காரத்தனம்தான். ஆனாலும் என் வீட்டாருக்கு நான் அதைச் செய்யமாட்டேன். புழுதியைத் துடைத்துக்கொள்ளலாம்.

செம்மண் தம்பி, கல் தடுப்புக்குத் தகடு வேண்டாம். என் மருமகன் முன்னால் தட்டைத் தகடு போட்டுப் போனான். வாகனத்தின் பின்சக்கரம் எறிந்த கல் தகட்டில் பட்டுத் திரும்பி, வாகனத்தின் பின்கண்ணாடியையே உடைத்துவிட்டது. கற்கண்டு கொட்டியது போல இருக்கை முழுவதும் கண்ணாடி. தொய்வாகக் கட்டிய வலைத் துணி கல்லை வாங்கிக் கீழே போடும். பின்கண்ணாடிக்கு வெளியே ஒரு நெளிவு பிளாஸ்டிக் அட்டையை வெட்டி ஒட்டினால் இருபது டொலரும் ஆகாது.

செம்மண் பயணி (அடிலெய்டு)
இன்று காலை எடை மேடைக்குப் போய்வந்தேன். சாமான்கள், தண்ணீர்த் தொட்டி எல்லாம் நிரப்பி, பின் தாங்கி இல்லாமல் 2740 கிலோ. கொக்கியில் 265. பிறகு ஒரு குறும்பு: பின் பம்பரில் 100 கிலோவுக்கு சிமெண்ட் மூட்டைகளை ஏற்றிப் பார்த்தேன். 2840. கொக்கியில் 201. பெரியவர் சொன்ன கணக்கோடு இரண்டு கிலோதான் வித்தியாசம்.

ஆகவே பின் தாங்கி ரத்து. சக்கர அளவை மாற்ற விசாரித்துவிட்டேன், நுழையும் என்கிறார்கள். வலைத் துணி, காற்றுப்பிடிப்பான், 100இல் ஒரு லித்தியம், அலமாரிக்கு மூலைக்கோணம். துவாரங்களை அடைக்கவில்லை. மனைவி தலையணைகளுக்கு பிளாஸ்டிக் உறை வாங்கிவிட்டாள்.

நாலுசக்கரம் (பெர்த்)
முதல் நாள் இரவு அந்தத் தலையணைகளைப் படம் எடுத்துப் போடுங்கள். பிறகு என் சிவப்பு நாடாவைப் பற்றிப் பேசுவோம்.

பழைய இரும்பு (மெல்பேர்ன்)
நல்லது தம்பி. ஒன்று கேட்க மறந்துவிட்டேன். வாங்கி எட்டு மாதம் என்றீர்கள். வீல் பேரிங்கைத் திறந்து கிரீஸ் மாற்றியது எப்போது?

செம்மண் பயணி (அடிலெய்டு)
திறக்கவே இல்லை.

நாளை காலை ஜாக் போடுகிறேன்.